சம்பந்தியும் நானும் ஒரு முதலையும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் தொழில் அப்படி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காலையில் வண்டியில் ஏறினால் "பிரேக்! பிரேக்! கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று கத்த ஆரம்பித்து, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் சுப்பிரமணியத்திடம் டீ கேட்பேன். அவர் என் கணவர். நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார்.

ஆனால் என் மகள் சிவானியின் நிச்சயதார்த்தத்தன்று இந்த வாய் என்னைக் கவிழ்த்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கேசரியை ஒரு வாய் போட்டுவிட்டு, "சீனி பத்தலையே" என்று சொல்லிவிட்டேன். சபையில். அதுவும் மாப்பிள்ளையின் அம்மா சந்திரமதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. கேசரி அவர் கையால் கிண்டியது என்று எனக்கு எப்படித் தெரியும்? சிராங்கூன் ரோட்டில் இத்தனை வருஷமாகப் புடவைக் கடை நடத்துகிறவர், வம்பு பிடித்த வாடிக்கையாளரைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அதன்பிறகு சிவானி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆகவே, சந்திரமதியே போன் செய்து, "லீலா, நீங்க கயாக் ஓட்டுவீங்களாமே, சிவானி சொன்னா. என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. துடுப்புப் போட்டு அந்தச் சின்னப் படகை ஓட்டுவது ஐம்பது தாண்டி, முதுகு வலிக்காக ஆரம்பித்த பழக்கம். பாசிர் ரிஸ்ஸில் பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்து, சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறேன்.

சிவானி என்னைச் சோபாவில் உட்காரவைத்து, எதிரில் நின்று பாடம் எடுத்தாள்.

"அம்மா, லிசன். கல்யாணம் முடியுற வரைக்கும் அவங்க என்ன சொன்னாலும் நீங்க 'சரிங்க சம்பந்தி'தான் சொல்லணும். ஓகே? பத்திரமா கூட்டிட்டுப் போயி, சந்தோஷமா திருப்பிக் கூட்டிட்டு வரணும். ப்ளீஸ் லா, அம்மா."

"நான் என்ன அவங்கள கடலுக்குள்ள தள்ளிவிடவா போறேன்?"

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டீங்க."

சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சுப்பிரமணியம் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். மனுஷரை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாங்கியிலிருந்து விசைப்படகு ஏறி நாலு பேரும் புலாவ் உபின் தீவுக்குப் போனோம். சிவானியும் மாப்பிள்ளை ஆதவனும் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மதியம் படகுத்துறையில் எல்லோரும் சந்தித்து ஒன்றாகச் சாப்பிடுவது என்று பேச்சு. நானும் சந்திரமதியும் கயாக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னை அறிந்தவர். "தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும் முன்னால் திரும்பிவிடு" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டுகளையும் இரண்டு பேர் உட்காரும் ஆரஞ்சு நிறக் கயாக் ஒன்றையும் கொடுத்தார்.

முதல் கோளாறு அங்கேயே தொடங்கியது. இரண்டு பேர் கயாக்கில் திசை, பின்னால் இருப்பவர் கையில் இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர் பின்னால், புதியவர் முன்னால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சந்திரமதி நேராகப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, நீங்க முன்னாடி உக்காந்தா நல்லா வேடிக்கை பாக்கலாமே" என்றேன், எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில்.

"வேணாம் லா. எனக்கு முதுகுக்குப் பின்னாடி ஆள் இருந்தா பிடிக்காது. கடையிலயும் நான் பின்னாடி உக்காந்துதான் எல்லாரையும் பாப்பேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் காதைப் பிடித்து முன்னால் உட்காரவைத்திருப்பேன். தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரிங்க சம்பந்தி" என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கடல்நீர் உள்ளே வந்து போகிற அந்தக் கழியின் இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நின்றன. சேற்றில் கண்ணை உருட்டிக்கொண்டு தாவுகிற குட்டி மீன்களைப் பார்த்து சந்திரமதி வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மீன்கொத்தி எங்கள் தலைக்கு மேல் நீலமாகப் பறந்தது. "எவ்வளவு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இதையெல்லாம் பாத்ததே இல்ல லீலா" என்றார். பரவாயில்லையே, இந்தப் பெண்மணி நல்ல மாதிரிதான் என்று எனக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

கழி இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வலப்பக்கம் அகலம், நாங்கள் எப்போதும் போகிற வழி. இடப்பக்கம் ஒடுங்கிய ஓடை. அந்த நேரம் பார்த்து இரண்டு இருவாட்சிகள், பெரிய அலகோடு, இடப்பக்கமாகப் பறந்து போயின.

"லீலா! அங்க பாருங்க! அந்தப் பக்கம் போவோம்."

மர வேர்களைப் பார்த்தேன். தண்ணீர் நின்றிருந்த இடத்துக்குமேல் ஈரக் கோடு தெரிந்தது. கடல் வற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த ஓடைக்குள் இந்த நேரத்தில் போகக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தண்ணி இறங்குது போல இருக்கே, சம்பந்தி..."

"கொஞ்ச நேரம்தானே லா? ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்."

என் பயிற்சிக் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. யார் தப்பான பக்கம் திருப்பினாலும் ஒரே மிதி. இங்கே பிரேக்கும் இல்லை, பேசுவதற்கு வாயும் இல்லை. பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையின் அம்மாவிடம் "முடியாது" என்று எப்படிச் சொல்வது? கேசரி வேறு கண்முன் வந்து நின்றது. "சரிங்க சம்பந்தி" என்றேன். அவர் துடுப்பைப் போட்டு இடப்பக்கம் திருப்பினார்.

இருவாட்சி ஒரு கிளையில் உட்கார்ந்து நன்றாகத்தான் காட்சி கொடுத்தது. சந்திரமதி போட்டோ எடுத்தார். பிறகு வீடியோ எடுத்தார். அப்புறம் தன் அக்காவுக்கு அனுப்பப் பார்த்தார். போன் எதிர்க்கரையில் இருக்கிற மலேசியாவின் சிக்னலுக்குத் தாவியிருந்ததால் போகவில்லை. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஒருவழியாகத் திரும்பலாம் என்றபோது கயாக் நகரவில்லை. அடியில் சேறு தட்டிவிட்டது. எங்களுக்கு ஒரு பக்கம் ஓடையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மறுபக்கம் பளபளவென்று சேற்றுக் கரை, அதற்கு மேலே மர வேர்கள்.

"இருங்க, நான் இறங்கித் தள்ளுறேன்" என்றார் சந்திரமதி.

"ஐயோ, வேணா..."

நான் திரும்புவதற்குள் கரைப் பக்கம் இரண்டு காலையும் வைத்துவிட்டார். தொடைவரை சடக்கென்று இறங்கினார். பிறகு இன்னும் கொஞ்சம். கையில் இருந்த போன் சேற்றில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது.

"லீலா, காலு வரமாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். இவ்வளவு நேரம் அடக்கிய எரிச்சலுக்கு இது நல்ல மருந்து என்றுகூட நினைத்தேன். சிரிப்பை மறைக்க முகத்தை ஓடைப் பக்கம் திருப்பினேன். அங்கே ஒரு கட்டை மிதந்து வந்தது.

தண்ணீர் கடலைப் பார்த்து வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டை உள்ளே வந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கம் எப்போதாவது உப்புநீர் முதலை ஒன்று தலைகாட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்படுவது வேறு, பார்ப்பது வேறு. கட்டையின் ஒரு முனையில் இரண்டு மேடு. மேட்டில் கண். பின்னால் முதுகும் வாலும் நீண்டுகொண்டே போயின. என் காரில் பாதிக்கு மேல் இருக்கும்.

"சம்பந்தி," என்றேன் மெதுவாக, "கொஞ்சம் அசையாம இருக்கீங்களா?"

அந்த நேரத்திலும் மரியாதை! அவரோ சேற்றைக் கையால் தட்டித் தட்டி எழப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் சளக் சளக் என்று சத்தம். அந்தக் கண்கள் எங்கள் பக்கம் திரும்பின.

"என்ன அது, உடும்பா?" என்று எட்டிப் பார்த்தார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. அவர் போட்ட அலறலில் இருவாட்சிகள் இரண்டும் பறந்து போயின. கை கால் எல்லாவற்றையும் உதறினார். உதற உதற இடுப்புவரை உள்ளே போனார்.

"பயப்படாதீங்க! உதறாதீங்க, இன்னும் உள்ள போவீங்க!"

காதில் ஏறவில்லை. கண் மேலே சொருகி, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தார். என் கை தானாக நீண்டது. மாப்பிள்ளையின் அம்மாவை, சபையில் மாலை மரியாதை வாங்கிய பெண்மணியை, பளாரென்று ஓர் அறை அறைந்தேன்.

"ஏய் சந்திரமதி! வாய மூடு! மல்லாக்கப் படு!"

"என்ன?"

"படுன்னா படுடி! மெத்தையில படுக்கிற மாதிரி படு! கைய விரி!"

படுத்துவிட்டார். மறுபேச்சே இல்லை. நான் கயாக்கிலிருந்து கரைப் பக்கம் வயிற்றால் சறுக்கி இறங்கி, அவர் தலைமாட்டில் குப்புறக் கிடந்து, லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்துக்கொண்டேன். சேற்றில் நேராக இழுத்தால் அது விடாது. காலைச் சின்னதாக ஆட்டி, சுற்றிலும் தண்ணீர் புக இடம் கொடுத்தால்தான் பிடி தளரும். எங்கள் குழுவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு எங்கே தேவைப்படப்போகிறது என்று அன்றைக்குக் கொட்டாவி விட்டேன்.

"வலது குதிகாலை மட்டும் ஆட்டு. மெதுவா. அவசரப்படாத."

"அது கிட்ட வருதா லீலா?"

"உனக்கென்ன, நான் பாத்துக்குறேன். காலை ஆட்டு!"

கிட்டத்தான் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் குறையக் குறைய அதன் முதுகு முழுசாக வெளியே தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் அந்த ஆரஞ்சுக் கயாக் ஒன்றுதான். வலது கால் வெளியே வந்தது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. "இப்ப இடது" என்றேன். அப்போது கயாக் ஒரு குலுங்கு குலுங்கியது.

முதலை அதன்மேல் முகத்தை வைத்திருந்தது. அழுகிய மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து கயாக்கின் ஓரத்தைக் கடித்து உலுக்கியது. பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் கேட்டது. மேலே மர வேர்கள் எனக்கு நாலெட்டில் இருந்தன. நான் ஒருத்தி என்றால் ஊர்ந்து போய் ஏறிவிடலாம். ஓடு ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். "என்ன விட்டுட்டுப் போயிடாத லீலா" என்றார். கல்யாணம், சம்பந்தம், சிவானி எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. இந்தக் கை என்னை நம்பிப் பிடித்திருக்கிறது, இதை விடமாட்டேன் என்பது மட்டும்தான் இருந்தது.

"எங்கயும் போகல. காலை ஆட்டு!"

ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துடுப்பை இழுத்து முதலையின் மூக்கில் ஓங்கி ஒன்று வைத்தேன். அது பின்வாங்கவில்லை. துடுப்பைக் கவ்வி இழுத்துக்கொண்டது. என் கையில் ஒன்றுமில்லை. அது முன்கால் ஒன்றைத் தூக்கிக் கயாக்கின்மேல் வைத்தது.

அப்போதுதான் சந்திரமதி பேசினார். மல்லாந்து கிடந்தபடியே, "போடா பரதேசி நாயே! உனக்கு நாங்கதான் கெடச்சோமா?" என்று ஒரு கத்து கத்தி, கை நிறையச் சேற்றை அள்ளி அதன் முகத்தில் அடித்தார். அடுத்த கை. அதற்கடுத்த கை. கூடவே அவர் உதிர்த்த வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. பட்டுப் புடவை விற்கும் வாயில் இதெல்லாம் இருக்குமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான் சும்மா இருப்பேனா? எனக்குத் தெரிந்ததையெல்லாம் நானும் எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் வாரி வாரி அடித்தோம். ஒரு பெரிய சேற்று உருண்டை நேராக அதன் கண்ணில் போய் அப்பியது. இன்னொன்று திறந்த வாய்க்குள் விழுந்தது. முதலை கண்ணை மூடிக்கொண்டு, தலையை உதறி, பின்னால் சரிந்தது.

"இப்ப! இழு லீலா, இழு!"

இழுத்தேன். என் தோளே கழன்றுவிடும் போலிருந்தது. இடது கால் பொளக்கென்று விடுபட்டது. இருவரும் வயிற்றால் ஊர்ந்தோம், உருண்டோம், ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளி வேர்களைப் பற்றி மேலே ஏறினோம். சந்திரமதியின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து நான்தான் ஏற்றிவிட்டேன்.

மேலேயிருந்து பார்த்தோம். முதலை கயாக்கைச் சுற்றி ஒருமுறை வந்தது. ஓடையில் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. இனி இங்கே இருந்தால் தரையில்தான் கிடக்க வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருக்கும். மெல்லத் திரும்பி, வடிகிற தண்ணீரோடு கடலைப் பார்த்துப் போய்விட்டது. அது கண்ணுக்கு மறைந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஊளையிட்டோம். ஜெயித்துவிட்டோம் என்று வேறு எப்படிச் சொல்வது? கையைத் தட்டி, காலை உதைத்து, மரமே ஆடும்படி கத்தினோம்.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அறைந்திருக்கிறேன். வாடி போடி என்று கூப்பிட்டிருக்கிறேன். அடக் கடவுளே!

"சம்பந்தி," என்று ஆரம்பித்தேன், "அந்த அறை... வந்து... அந்த நேரத்துல..."

"இப்ப ஒண்ணும் பேச வேணாம். படகுத்துறைக்குப் போயி பேசிக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

வேர்களைத் தாண்டி, முள்ளில் கீறிக்கொண்டு, மண் பாதையைப் பிடித்தோம். வெறுங்காலில் நொண்டிக்கொண்டு என் தோளில் கையைப் போட்டு நடந்தார். ஆனால் வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. முதலைக்குப் பயந்ததைவிட அந்த மௌனத்துக்கு அதிகம் பயந்தேன். முடிந்தது, கல்யாணம் போச்சு, என் பிள்ளை இந்த ஜன்மத்தில் என்னை மன்னிக்கமாட்டாள் என்று மனசுக்குள் அழுதுகொண்டே நடந்தேன்.

படகுத்துறைக்கு வந்தபோது அங்கே கூட்டமே திரண்டிருந்தது. நேரம் கடந்துவிட்டதால் கயாக் கடைக்காரர் போலீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சிவானி அழுது முகம் வீங்கி நின்றாள். ஆதவன் எங்களைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஓடிவந்தவன் எங்களுக்கு முன்னால் வந்து திகைத்து நின்றுவிட்டான். தலையிலிருந்து கால்வரை சேறு அப்பி, ஒரே உயரத்தில், ஒரே மாதிரி லைஃப் ஜாக்கெட்டில், தோளோடு தோள் பிடித்துக்கொண்டு இரண்டு உருவங்கள். இவளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஓ மை காட்... இதுல எங்கம்மா யாரு?"

சந்திரமதி உதட்டில் இருந்த சேற்றைப் புறங்கையால் துடைத்தார். என் தோளில் இருந்த கையை எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும்தான்டா. கால்ல விழு."

அவன் அந்த சிமென்ட் தரையில், அத்தனை பேருக்கும் முன்னால், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மாப்பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும், நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆசீர்வதிக்க வேண்டும். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. சந்திரமதியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.